நாலாவது மாடி நாற்காலி

– பெல்ட்டை இன்னும் ஒரு ஓட்டை தள்ளி மாட்டு பாப்பா. லூசா இருந்தா உங்கம்மா என் முதுகுல ஊஞ்சல் ஆடுவா.

– அப்பா, நான் இவ்வளவு நேரம் பேசினது காதுல விழுந்துச்சா இல்லையா? வேனைக் கீழ நிறுத்தியிருக்கேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு நேரா இங்கதான் வர்றேன். அம்மா படுத்துக்கிட்டே வரலாம்னு பின் சீட்டுல மெத்தை கூட விரிச்சாச்சு. இன்னைக்கு ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வர்றீங்க. அவ்வளவுதான்.

– விழுந்துச்சு, விழுந்துச்சு. முதல்ல பெல்ட்டு.

– இதுல இனிமே ஓட்டையே... ஓ, இங்க புதுசா போட்டிருக்கீங்களா?

– ஆணியைக் காய்ச்சி நானே போட்டேன். பழைய தோலு பாப்பா, இழுத்து இழுத்து நீண்டுபோச்சு. வேலையில இருந்த காலம் பூரா லிஃப்ட் கூண்டுக்கு மேல என்னைத் தாங்கின பெல்ட்டு. இப்ப உங்கம்மாவைத் தாங்குது. பதவி உயர்வு!

– ஊர்ல இருக்கற லிஃப்ட்டையெல்லாம் ஓட வெச்ச மனுஷன், நம்ம கட்டடத்து லிஃப்ட்டை மட்டும் சாக விட்டுட்டீங்களே மெக்கானிக்கு. அதையும் சொல்லுங்க உங்க மகளுக்கு.

– மோட்டாரையே கழட்டி வித்துட்டான் கட்டடக்காரன். கூண்டுக்குள்ள புறா குடும்பம் நடத்துது. நான் என்ன, வாயால ஊதியா ஓட்ட முடியும்? நல்லதாப் போச்சுன்னு நெனைச்சுக்க டெய்லரம்மா. லிஃப்ட் ஓடியிருந்தா நான் ஏழு மாடி ஏறி இறங்கியிருப்பேனா? தொந்தி வெச்சு, டிவி பார்த்து, போற வர்றவங்களைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

– அப்பா, எழுபதை நெருங்கற வயசுல பொண்டாட்டியை முதுகுல கட்டிக்கிட்டு தினமும் ஏழு மாடி இறங்கறதுக்குப் பேரு உடற்பயிற்சி இல்ல. கிறுக்கு.

– ஆரம்பத்துல கிறுக்காத்தான் இருந்துச்சு. உங்கம்மாவுக்குக் கால் விழுந்து, இந்த ரூமுக்குள்ளயே சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாளே, ஞாபகம் இருக்கா? ஒரு நாள் 'தெருவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு'ன்னா. சரி வான்னு முதுகுல ஏத்திட்டேன். அன்னைக்கு மாடிக்கு மாடி உக்காந்தேன். நாலாவது மாடிக்காரம்மா பாவப்பட்டு வீட்டுக்குள்ள இருந்த நாற்காலியை எடுத்து வாசல்ல போட்டாங்க. இப்பவும் அங்கதான் கிடக்கு. ஆனா நான் உக்கார்றேனா? கேளு உங்கம்மாவை.

– உக்கார்றதே இல்லடி. உங்கப்பாவுக்கு வாலிபம் திரும்பிடுச்சு. அந்தத் தொடையைத் தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இருக்கு.

– இறங்கும்போதும் ஒரே மூச்சு, ஏறும்போதும் ஒரே மூச்சு. தினம் தினம் லேசாகிட்டே போகுது பாப்பா. மனசு திடமா இருந்தா உடம்பு பின்னாடியே வரும். சிம்பிள்!

– சிம்பிள்தான். ரூமைப் பார்த்தாலே தெரியுது. ஃப்ரிட்ஜ் எங்க? அலமாரி எங்க? நான் வாங்கிக் கொடுத்த டிவி எங்கப்பா?

– கொடுத்துட்டேன். கீழ் வீட்டுக்கு ஒண்ணு, காவல்காரருக்கு ஒண்ணு. இந்த மாடிக்கு எது வந்தாலும் என் முதுகுலதானே வரணும்? அதனால ஒவ்வொரு சாமானையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 'உன்னை நான் ஏழு மாடி சுமப்பேனா?' உங்கம்மா ஒருத்தியைப் பார்த்துக் கேட்டப்பதான் ஆமான்னு பதில் வந்துச்சு.

– புளுகு. ரேடியோவுக்கும் ஆமான்னுதான் வந்துச்சு. நான்தான் கண்ணை உருட்டிக் கொடுக்க வெச்சேன். நமக்கு எதுக்குடி அதெல்லாம்? ரெண்டு தட்டு, ஒரு பாய், என் மெஷின். பெருக்கறது கூட அஞ்சு நிமிஷத்து வேலை. அது கெடக்கட்டும், அந்தப் பையை எடு.

– இந்தாம்மா... ஐயோ, என்னம்மா இவ்வளவு கனம்? உள்ள என்ன வெச்சிருக்க? இஸ்திரிப் பெட்டியா!

– குடு இங்க.

– வயரே இல்லையேம்மா இதுல. ஃப்ரிட்ஜையே தூக்கிக் கொடுத்துட்டு இந்த ஓட்டைப் பெட்டியை எதுக்கு வெச்சிருக்க? அதுவும் தெருவுல உக்காந்து வேடிக்கை பார்க்கப் போறப்ப?

– இருக்கட்டும்டி. கேள்வி கேக்காம தோள்ல மாட்டி விடு.

– அதைப் பத்தி மட்டும் பேசக்கூடாது பாப்பா. வீட்டுச் சட்டம். தையல்காரிக்கு இஸ்திரிப் பெட்டி வழித்துணை. நான் எதுவும் கேட்டுக்கறதில்ல. சரி, காலையில பார்த்தேன், மூணாவது மாடித் திருப்பத்துல எவனோ சைக்கிளைக் குறுக்க நிறுத்தியிருக்கான். நான் போய் அதைச் சுவரோரமாத் தள்ளிட்டு வந்துடறேன். ஒரே ஓட்டம்.

– ஓடாதீங்கப்பா! நடந்து... அம்மா, நிஜமாவே ஓடறாருமா.

– ஓடட்டும். கதவைச் சாத்து. சாத்திட்டியா? இப்படிப் பக்கத்துல உக்காரு. எதுக்கு இப்ப கண்ணைக் கசக்கற? அவர் வந்தாக் கண்டுபிடிச்சிடுவாரு.

– உன்னைத் தூக்கி இந்த ஸ்டூல்ல உக்கார வெச்சேன் இல்லம்மா? கொடியில இருந்து துணியை எடுக்கற மாதிரி இருந்துச்சு. போன தடவை வந்தப்ப நானும் அப்பாவும் சேர்ந்துதான் உன்னைத் தூக்கினோம். எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு.

– மெதுவாப் பேசு.

– உன் காலைப் பார்க்கற டாக்டர் எனக்கு போன் பண்ணினாரு. கட்டி வயிறு பூராப் பரவிடுச்சாம். இனிமே கொடுக்கற மருந்து வலிக்கு மட்டும்தானாம். வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்னு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, யாராவது ஒருத்தருக்காவது தெரியணும்னு உனக்குச் சொல்றேன்னாரு. அன்னைக்கு வேன் ஓட்டவே முடியலம்மா. ஓரமா நிறுத்திட்டு உக்காந்துட்டேன். பிள்ளைங்க எல்லாம் ஏன் ஆன்ட்டி நிறுத்திட்டீங்க, ஏன் ஆன்ட்டின்னு கேக்குதுங்க.

– அந்த டாக்டருக்கு வாயில பூட்டே கிடையாது.

– நீ ஏம்மா எனக்குச் சொல்லல?

– சொன்னா என்ன பண்ணியிருப்ப? வேனை எடுத்துக்கிட்டு வந்து நின்னிருப்ப. இப்ப நிக்கற மாதிரி.

– அப்பாவுக்குத் தெரியாதா? நெஜமாவே தெரியாதா? தினமும் உன்னை முதுகுல தூக்கறவரு!

– அதாண்டி வேடிக்கை. நான் குறைஞ்சுட்டே போறேன், அவரு தனக்கு பலம் கூடிட்டே போகுதுன்னு நெனைச்சுட்டிருக்காரு. முதல்ல நாற்காலியில உக்கார்றதை விட்டாரு. அப்புறம் பாட்டுப் பாடிக்கிட்டே இறங்க ஆரம்பிச்சாரு. அன்னைக்குப் போற வழியில ரெண்டாவது மாடிப் பையனை நிறுத்தி, 'தம்பி, உடம்பை வளைச்சா எந்த வயசுலயும் வளையும்'னு பாடம் எடுக்கறாரு, நான் முதுகுல தொங்கிட்டிருக்கேன். சிரிப்பும் வருது, அழுகையும் வருது. எந்தப் பக்கமும் போக முடியல.

– அப்ப அந்த இஸ்திரிப் பெட்டி...

– ஆமா. திடீர்னு ஒரு நாள் ரொம்ப லேசாத் தெரிஞ்சிடக் கூடாதே. அதான் தோள்ல மாட்டிக்கறேன். என் ரவிக்கையெல்லாம் அப்பப்ப பிரிச்சு உடம்புக்குப் பிடிச்சு தைச்சுக்கறேன். தொளதொளன்னு இருந்தா கண்ணுல படும். என் கைத்தொழில் கடைசியில எனக்கே உதவுது பாரு.

– சொல்லிடலாம்மா. இன்னைக்கே, இப்பவே சொல்லிடலாம். நான் சொல்றேன்.

– சொல்லி?

– சொல்லி... என் வீட்டுக்குப் போகலாம். அங்க பக்கத்துலயே ஆஸ்பத்திரி. ராத்திரி வலி வந்தா...

– வலி இப்பவே வருது. பெல்ட்டு வயித்துல அழுத்தும்போது உசுரு போய் உசுரு வருது. ஆனா அவரு முதுகு சூடா இருக்கும்டி. கன்னத்தை வெச்சுக்கிட்டா மூச்சு உள்ள போறதும் வர்றதும் கேக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவ்வளவு பக்கத்துல நாங்க இருந்ததே இல்ல. அவரு ஏதாவது ஒரு கூண்டு மேல நிப்பாரு, நான் மெஷின் மேல குனிஞ்சிருப்பேன். சொல்லிட்டோம்னு வை, என்னைத் தூக்க மாட்டாரு. பாயில படுக்க வெச்சு, பக்கத்துல உக்காந்து, என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. அதை என்னால பார்க்க முடியாது. இருக்கற வரைக்கும் அவர் முதுகுல இருந்துட்டுப் போறேன்.

– அப்ப நான் என்னம்மா பண்றது?

– ஒண்ணும் பண்ண முடியாதுடி. உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. பெல்ட்டை மாட்டி விட்டு, பின்னாடியே இறங்கி வா. அவ்வளவுதான் உன் வேலை. அவருக்கு பலம் கூடிடுச்சுன்னு அவரு நம்பறாரு. வாழ்க்கையில முதல் தடவையா தன்னைப் பத்தி ஒரு பெருமை வந்திருக்கு அந்த மனுஷனுக்கு. அதை நீ பிடுங்கிடாத. என் தலைமேல கை வெச்சுச் சொல்லு.

– அம்மா, வேண்டாம்மா.

– வெய்யி. காலடிச் சத்தம் கேக்குது. சீக்கிரம்.

– ...சரி. சொல்லல. சொல்லவே மாட்டேன்.

– மூக்கைத் துடை.

– சைக்கிளைத் தள்ளிட்டேன்! ரூட் கிளியர்! என்ன, ஆத்தாளும் மகளும் என்னைப் பத்தி வம்பு பேசி முடிச்சாச்சா?

– முடிச்சாச்சு. உங்க மக என்னைத் தூக்க முடியாம மூச்சு வாங்கறா. 'எப்படிம்மா அப்பா தினமும் தூக்கறாரு'ன்னு கேக்கறா.

– வேன் ஓட்டறவங்களுக்கு எல்லாம் கை ஸ்டியரிங்குல, பலம் பெட்ரோல்ல. நகரு பாப்பா. குனிஞ்சாச்சு, ஏத்து. கையைக் கழுத்தைச் சுத்திப் போடு டெய்லரம்மா. கொக்கி மாட்டு. அப்படித்தான். ஒரு நிமிஷம்... சரி. எழுந்தாச்சு. சிம்பிள்!

– பை கனமா இருக்காங்க?

– ரெண்டு பேரைத் தூக்கற மாதிரி இருக்கு. வர வர குண்டாகிட்டே போற நீ. பாப்பா, கதவைப் பூட்டாத, சும்மா சாத்து. உள்ள திருடறதுக்கு ஒண்ணுமே இல்லங்கறதுல இருக்கற சுகம் இருக்கே, அது பணக்காரனுக்கு வராது.

– பார்த்துப்பா. இந்தப் படி உடைஞ்சிருக்கு.

– எனக்குத் தெரியாத படியா? கண்ணை மூடிக்கிட்டு இறங்குவேன். இதோ ஆறாவது மாடி. இந்த வீட்டுல எப்பவும் வெங்காயம் வதக்கற வாசனை. ரெண்டு நாளா இல்ல. ஊருக்குப் போயிட்டாங்க போல.

– போகல. அந்தம்மாவுக்கு வேலை கிடைச்சிருக்கு. புதுச் செருப்பு வாசல்ல கிடந்துச்சு, நேத்தே பார்த்தேன்.

– பார்த்தியா பாப்பா? முதுகுல உக்காந்து ஊர் விவகாரத்தை அளந்துட்டு வர்றா. நான் படியைப் பார்ப்பேன், இவ மத்ததைப் பார்ப்பா. அஞ்சாவது மாடி வந்தாச்சு. என் மூச்சைக் கேட்டியா? ஏதாவது சத்தம் வருதா?

– வரலப்பா.

– நீ ஏன் மூச்சு வாங்கற? வெறுங்கையோட இறங்கற!

– ஒண்ணுமில்லப்பா. அந்த நாற்காலி இதுதானே? நாலாவது மாடி. உக்காருங்க. ஒரு நிமிஷம் அம்மாவை இறக்கி வெச்சிட்டு உக்காருங்க.

– வேண்டாம்.

– எனக்காகப்பா. உங்க சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு.

– பிள்ளை ஆசையாக் கேக்கறா இல்ல? ஒரு நிமிஷம்தானேங்க. எனக்கும் வயித்துல... எனக்கும் கை மரத்துப் போச்சு. இறக்கி வெச்சிட்டுத் திரும்பத் தூக்கிக்கலாம்.

– வேண்டாம்னா வேண்டாம்!

– எதுக்கு இப்படிக் கத்தறீங்க? நாலாவது மாடிக்காரம்மா கதவைத் திறந்து பார்க்கறாங்க.

– கத்தலம்மா. தாளம் போயிடும்னு சொல்றேன். ஓடற லிஃப்ட்டை நடுவுல நிறுத்தினா ரோப் கெட்டுடும். அவ்வளவுதான். வணக்கம்மா, ஒண்ணுமில்ல, நாங்கதான். மக வந்திருக்கா. நாற்காலி கிடக்கட்டும்மா, எடுத்துடாதீங்க, இருக்கட்டும். வா பாப்பா, இன்னும் கொஞ்சம்தான். மூணு. இதோ, அந்தச் சைக்கிளு. ரெண்டு. தம்பி, படிச்சியா? நல்லாப் படி.

– மெதுவாங்க.

– ஒண்ணு. தரை. கண் கூசுதா டெய்லரம்மா? வெயில் நல்லா இருக்கு. பாப்பா, அந்த மரத்தடி பெஞ்சைத் துடை. கொக்கியைக் கழட்டு. மெதுவா, மெதுவா. சாய்ஞ்சுக்க. ஆச்சு!

– அப்பாடா. பையை மடியில வை. அங்க பாருங்க, அந்த ஆளு பேன்ட்டு ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டை. எவன் தைச்சானோ! அந்தப் பொண்ணு கவுனு நல்லா இருக்கு. காலர் மட்டும் தூக்கிக்கிச்சு. ஏங்க, எனக்கு டீ வேணும்.

– கேட்டியா? மகாராணி உத்தரவு. நீ இங்கயே காத்து வாங்கு, நாங்க ரெண்டு பேரும் போய் வாங்கிட்டு வர்றோம். வா பாப்பா. மெதுவா வா, கடை எங்கயும் ஓடிடாது. மூணு டீ போடுங்க அண்ணே. ஒண்ணுல சக்கரை தூக்கலா.

– அப்பா, அங்க நிக்கறது என் வேன். பின்சீட்டுல மெத்தை இருக்கு. என் வீடு தரையோட தரையா இருக்கு. ஒரு படி கூடக் கிடையாது. சக்கர நாற்காலியில வெச்சு அம்மாவைத் தெரு பூரா நானே தள்ளிட்டுப் போவேன்.

– படியே இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை பாப்பா?

– விளையாடாதீங்கப்பா.

– விளையாடல. வேலையில இருந்தப்ப எத்தனை ஆயிரம் பேரை மேல ஏத்தியிருப்பேன், கீழ இறக்கியிருப்பேன். ஒருத்தர் கனமாவது எனக்குத் தெரியுமா? பொத்தானை அமுக்கினா போச்சு. ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து உக்காந்தேன், எதுக்கு எழுந்திரிக்கணும்னே தெரியல. அப்புறம் இவளுக்குக் கால் விழுந்துச்சு. முதல் நாள் இவளைத் தூக்கிட்டு ஏழாவது மாடி ஏறி முடிச்சப்ப, வாந்தி எடுத்தேன். வாயைத் துடைச்சிட்டுச் சிரிச்சேன். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. நான் பிறந்ததுக்கு ஒரு வேலை கிடைச்ச மாதிரி. அன்னையிலிருந்து காலையில கண்ணு முழிக்கும்போது, இன்னைக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்.

– அந்த வேலை ரொம்ப நாளைக்கு... அப்பா, உங்களுக்கு பலம் கூடல... 

– ம்? சொல்லு.

– ஒண்ணுமில்ல. விடுங்க.

– இல்ல, சொல்ல வந்ததைச் சொல்லு.

– சொல்ல முடியாதுப்பா. சத்தியம் பண்ணிட்டேன்.

– அழாத. டீக்கடைக்காரர் பார்க்கறாரு, டீ நல்லா இல்லன்னு நெனைச்சுக்கப் போறாரு. கண்ணைத் துடை, உங்கம்மா இந்தப் பக்கம்தான் பார்த்துட்டிருக்கா. கையை ஆட்டு. சிரி. ம். பாப்பா, தோல் பெல்ட்டு காஞ்சா சுருங்கும். நீளாது.

– அப்பா...

– முதல் ஓட்டை போட்ட அன்னைக்கே தெரியும். ரெண்டாவது, மூணாவது எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கறதுக்குப் போட்டது. மோட்டார் முனகற சத்தத்தைக் கேட்டே கூண்டுல எத்தனை பேர் நிக்கறாங்கன்னு சொல்றவன் நான். என் முதுகுல இருக்கறவ எவ்வளவு இருக்கான்னு எனக்குத் தெரியாதா?

– அப்ப அம்மா வெச்சிருக்கற அந்தப் பெட்டி...

– அது பைக்குள்ள வந்த அன்னைக்குத்தான், அவளுக்கும் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி டாக்டர்கிட்ட போகவா, கேக்கவான்னு படுத்துப் புரண்டேன். போகல. அவரு வாயால கேட்டுட்டா அதுக்கப்புறம் எனக்கு நடிக்க வராது. பலம் கூடுதுன்னு நான் நெனைச்சுட்டிருக்கறதா அவ சந்தோஷமா நம்பிட்டிருக்கா. நம்பிட்டே இருக்கட்டும். நீ மேல வந்ததும் என் பின்னாடி நின்னு மூக்கை உறிஞ்சின பாரு, அப்பவே முழுசாப் புரிஞ்சுது. நாள் அதிகம் இல்ல போல. இல்லையா? பதில் சொல்லாத. தலையையும் ஆட்டாத.

– ஏங்க! டீ ஆறுதா இல்ல, நீங்க ரெண்டு பேரும் அங்கயே குடிச்சுத் தீர்த்தாச்சா?

– இதோ வந்தாச்சு டெய்லரம்மா! பார்த்தியா, குரல் மட்டும் குறையவே இல்ல. டம்ளரைப் பிடி பாப்பா, சூடு. போகலாம்.

– இருங்கப்பா. பலம் கூடலன்னு உங்களுக்கே தெரியுது. சட்டை பூரா வேர்வை. அப்புறம் எதுக்கு ஒரே மூச்சுல ஏறி இறங்கறீங்க? அந்த நாற்காலியில ஒரு நிமிஷம் இறக்கி வெச்சா என்ன குறைஞ்சு போயிடும்?

– மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை, அவளைப் புதுசாத் தூக்கித்தான் ஆகணும். தூக்கற அந்த நொடியிலதான் எவ்வளவு குறைஞ்சிருக்கான்னு தெரியுது. அந்த ரெண்டு தடவையே எனக்குத் தாங்கல பாப்பா, நடுவுல இறக்கி வெச்சா மறுபடியும் ஒரு தடவை தூக்கிப் பார்க்கணுமே.